ஜெட்டா, ஸ்பிரேயா? ஹோஸ் முனையில் எந்த நாசிலை மாட்டுவது

தீயணைப்புக் குழுவுக்கு நாசில் வாங்கப் போகிறோம், எது நல்லது என்று யாராவது கேட்டால், நான் திருப்பிக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "ஹோஸ் முனையில் எத்தனை பார் அழுத்தம் வருகிறது?" (பார் என்பது அழுத்தத்தின் அலகு.) பெரும்பாலும் பம்ப் மீட்டரில் பார்த்த எண்ணைச் சொல்வார்கள். அது பம்பில் இருக்கும் அழுத்தம். நாலைந்து ஹோஸ் நீளம், இரண்டு மடிப்பு, மூன்று மாடி ஏற்றம் எல்லாம் தாண்டி முனைக்கு வந்து சேரும் அழுத்தம் வேறு. 10 மீட்டர் ஏறினாலே ஏறக்குறைய 1 பார் போய்விடும். ஹோஸுக்குள் உராய்வில் போவது அதைவிட அதிகம்; ஓட்டத்தை இரண்டு மடங்காக்கினால் உராய்வு இழப்பு நான்கு மடங்காகும். முனையில் வரும் இந்த இரண்டாவது எண் தெரியாமல் கேட்டலாக்கைப் புரட்டுவது, கால் அளவு தெரியாமல் செருப்பு வாங்குகிற கதைதான்.

பெயர்கள் எத்தனை இருந்தாலும் கையில் பிடித்துப் பயன்படுத்தும் நாசில்கள் இரண்டு குடும்பம்தான். ஒன்று, வழவழப்பான ஒற்றைத் துளை கொண்ட ஸ்மூத் போர். மற்றது ஜெட், ஸ்பிரே இரண்டையும் திருப்பித் திருப்பி எடுக்கக்கூடிய ஃபாக் நாசில். ஃபாக்கிலும் மூன்று வகை உண்டு: ஓட்டம் ஒரே அளவாக இருப்பது, வளையத்தைத் திருப்பி அளவை மாற்றிக்கொள்வது, ஸ்பிரிங் வைத்துத் தானே சரிசெய்துகொள்ளும் ஆட்டோமேட்டிக். எது உசத்தி என்ற சண்டை பல பத்தாண்டுகளாக நடக்கிறது. ஸ்மூத் போர் கட்சிக்காரர்களும் ஃபாக் கட்சிக்காரர்களும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வதைக் கேட்டால் கிரிக்கெட் ரசிகர்கள் தோற்றுப்போவார்கள். இரண்டும் தண்ணீரை என்ன செய்கின்றன என்று பார்த்தால் பாதிச் சண்டை தானாக அடங்கிவிடும்.

ஸ்மூத் போரைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஒன்றுமே இருக்காது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகி வரும் ஒரு குழல், அவ்வளவுதான். அதுவரை அழுத்தமாக இருந்தது, குழல் குறுகக் குறுக வேகமாக மாறுகிறது. 3.5 பார் அழுத்தத்தில் முனையை விட்டுக் கிளம்பும் தண்ணீரின் வேகம் விநாடிக்கு சுமார் 26 மீட்டர். கண்ணாடித் தண்டு மாதிரி கெட்டியாக வெளியே வரும். போகப்போகக் காற்று உரசி மேற்பரப்பு சொரசொரப்பாகும், ஓரங்கள் பிய்ந்து துளிகளாகும், கடைசியில் தாரை முழுவதும் கலைந்து மழையாக விழும். அந்தக் கலைதலை எவ்வளவு தூரம் தள்ளிப்போட முடியும் என்பதுதான் நல்ல ஸ்மூத் போருக்கும் மோசமானதற்கும் உள்ள வித்தியாசம். நாசிலைக் கீழே போட்டு முனை விளிம்பில் சின்ன நசுங்கல் விழுந்தாலும் தாரை கிளம்பும் இடத்திலேயே கிழிய ஆரம்பிக்கும். நாசிலைத் திறந்து மூடும் பந்து வால்வைப் பாதி திறந்து வைத்தாலும் அதேதான்: உள்ளே சுழல் உண்டாகி, தண்டு போல வர வேண்டிய தண்ணீர் துடைப்பம் போல வரும்.

நல்ல தாரை எது என்று அளந்து சொன்னவர் அமெரிக்கப் பொறியாளர் ஜான் ஃப்ரீமன். 1880களின் கடைசியில் அவர் செய்த சோதனைகளில் வைத்த அளவுகோல் இன்றும் பாடத்தில் இருக்கிறது. தாரை பயன் தரும் தூரத்தின் எல்லையில், பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர் 15 அங்குல வட்டத்துக்குள் விழ வேண்டும். முக்கால் பங்கு 10 அங்குல வட்டத்துக்குள் விழ வேண்டும். உங்களிடம் இருக்கும் நாசிலை ஒரு சுவரைப் பார்த்துத் திறந்துவிட்டு இந்தக் கணக்கை வைத்துப் பாருங்கள். சில நாசில்கள் வெட்கப்பட்டுப் போகும்.

ஃபாக் நாசிலின் உள்ளே நிறைய நடக்கிறது. நடுவில் ஒரு தண்டு, அதன் நுனியில் காளான் குடை மாதிரி ஒரு வட்டத் தட்டு. தண்ணீருக்கு நேராக வெளியே வர வழி கிடையாது. தட்டில் மோதி எல்லாப் பக்கமும் விரிந்து, தட்டுக்கும் உடலுக்கும் நடுவிலுள்ள வளைய இடுக்கு வழியாக மெல்லிய படலமாக வெளியேறும். வெளியே இருக்கும் ஸ்லீவை முன்னால் திருகினால் அதன் உள்சுவர் அந்தப் படலத்தைத் தடுத்து முன்பக்கமாக மடக்கிவிடும், அது நேர்த்தாரை. ஸ்லீவைப் பின்னால் இழுத்தால் தடுக்க ஆள் இல்லை, படலம் குடை விரித்த மாதிரி அகலும். ஓரத்தில் இருக்கும் பற்கள் அந்தப் படலத்தைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்து, குடையின் நடுவில் வெற்றிடம் விழாமல் துளிகளால் நிரப்புகின்றன. படலம் நீட்டப்பட்டு நூலாகி, நூல் அறுந்து துளியாகிறது. பாத்திரம் கழுவும்போது கரண்டியின் குழிவில் குழாய்த் தண்ணீர் பட்டுத் தட்டையாக விரிந்து ஓரத்தில் துளியாக உடைவதைப் பார்த்திருப்பீர்கள். அதே வேலைதான், 7 பாரில்.

ஃபாக் நாசில் தரும் நேர்த்தாரையும் ஸ்மூத் போர் தரும் கெட்டித் தாரையும் ஒன்று கிடையாது. முன்னது தொடக்கத்தில் உள்ளே வெற்றிடமுள்ள குழல். கொஞ்ச தூரம் போன பிறகுதான் ஒன்றுகூடும். காற்றடிக்கும் வெளியில், தூரத்துக்கு அடிக்கும்போது இந்த வித்தியாசம் தெரியும். ஓர் அறைக்குள் ஐந்தாறு மீட்டரில், அதே ஓட்டத்தில், எரிகிற சோபாவுக்கு அது தெரியப்போவதில்லை என்பது என் கருத்து.

சரி, தண்ணீரை எதற்கு உடைக்க வேண்டும்? கணக்கு எளிது. 20 டிகிரியில் உள்ள 1 லிட்டர் தண்ணீரை 100 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் 335 கிலோஜூல் வெப்பம் போதும். அதே தண்ணீரை முழுவதும் ஆவியாக்க மேலும் 2,257 கிலோஜூல் வேண்டும். அதாவது தண்ணீரின் தீயணைக்கும் பலத்தில் எட்டில் ஏழு பங்கு ஆவியாவதில்தான் இருக்கிறது. சூடேறித் தரையில் வழிந்தோடும் தண்ணீர், சம்பளத்தில் எட்டில் ஒரு பங்குக்கு மட்டும் வேலை செய்த ஆள். ஆவியாக வேண்டுமானால் பரப்பு வேண்டும். 1 லிட்டரை 1 மில்லிமீட்டர் துளிகளாக உடைத்தால் மொத்தப் பரப்பு 6 சதுர மீட்டர், 0.3 மில்லிமீட்டர் துளிகளாக்கினால் 20 சதுர மீட்டர். இதை வைத்துப் பார்த்தால் ஃபாக்தான் ஜெயிக்க வேண்டும், இல்லையா?

இங்கேதான் விஷயம் கொஞ்சம் சிக்கலாகிறது. வெப்பத்தை எந்த இடத்தில் பிடுங்க வேண்டும் என்பதைப் பொறுத்தே பதில். கூரையடியில் உருளும் சூடான புகையிலிருந்து பிடுங்க வேண்டுமானால் சிறு துளிதான் சரி, 0.3 மில்லிமீட்டர் அளவு துளி, விழுவதற்குள் புகையிலேயே ஆவியாகிவிடும். எரிகிற மரத்தின், மெத்தையின் மேற்பரப்பைக் குளிர்விக்க வேண்டுமானால் அந்தத் துளி போய்ச் சேரவே சேராது. தீ மேலே தள்ளும் சூடான காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய்விடும், அல்லது பாதி வழியில் ஆவியாகிவிடும். அங்கே கனமான தாரைதான் போய் அடிக்கும். கூரையிலோ சுவரிலோ மோதவிட்டால் அதுவே பெரிய துளிகளாக உடைந்து அறை முழுக்கச் சிதறும். ஸ்மூத் போருக்கும் துளி உண்டு. துளியை நாசில் செய்வதில்லை, கூரை செய்கிறது.

அப்புறம் ஆவியின் குணம். 1 லிட்டர் தண்ணீர் 100 டிகிரியில் ஆவியானால் சுமார் 1,700 லிட்டர் இடம் பிடிக்கும். அந்த ஆவி எங்கே போகும்? இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கக் கடலோரக் காவல்படையில் கப்பல் தீயைக் கையாண்ட லாயிட் லேமன் இதையே ஆயுதமாக்கினார். மூடிய இயந்திர அறை, உள்ளே ஆள் இல்லை, வெளியிலிருந்து ஒரு திறப்பு வழியாக ஃபாக்கை அடித்து அறையையே ஆவியால் நிரப்புவது. அற்புதமாக வேலை செய்தது. பின்னால் வந்தவர்கள் ஃபாக்கை எடுத்துக்கொண்டு, "உள்ளே ஆள் இல்லை" என்ற பாதியை மறந்தார்கள். ஹோஸோடு உள்ளே போய் அகல ஃபாக்கைத் திறந்தால், கூரையடியில் இருந்த சூடு ஆவியோடு கலந்து தலைக்கு மேல் வந்து இறங்கும். காது வெந்து திரும்பியவர்கள் அதற்கப்புறம் ஃபாக் பக்கமே போகவில்லை. ஃபாக்கின் மேல் இருக்கும் கோபத்துக்குப் பாதிக் காரணம் இதுதான்.

ஆனால் ஆவி உண்டானால் கட்டாயம் அறை வீங்கும் என்பதும் சரியில்லை. துளி புகைக்குள்ளேயே ஆவியானால் புகை குளிர்ந்து சுருங்கும். ஆவி கூடுவதைவிடப் புகை சுருங்குவது அதிகமாக இருக்கும், மொத்தத்தில் இறுக்கம் தளரும். அதே துளி சூடான சுவரில் பட்டு ஆவியானால் புகை சூடு குறையாது, ஆவி மட்டும் கூடும்; அப்போதுதான் வேகும். ஸ்வீடனில் 1980களிலிருந்து கற்றுக்கொடுத்து வரும் முறை இதன்மேல்தான் நிற்கிறது: ஒரு விநாடிக்கும் குறைவாக வால்வைத் திறந்து மூடி, புகைக்குள் மட்டும் சிறு துளிகளைத் தெளிப்பது. அழகான வித்தை. ஆனால் அது மணிக்கட்டில் இருக்க வேண்டிய வித்தை, பயிற்சி விட்டுப்போனால் கையை விட்டுப் போய்விடும். ஆண்டுக்கு இரண்டு தடவை ஹோஸ் பிடிக்கும் குழுவுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். அகல ஸ்பிரே தன்னோடு ஏராளமான காற்றை இழுத்துக்கொண்டு போகும். புகையை ஜன்னல் வழியாக வெளியே தள்ள இது அருமையான வழி: உள்ளே நின்று, ஜன்னல் சட்டத்தைத் தொடாமல் அதை நிரப்பும் அளவு ஸ்பிரேயை வெளியே பார்த்து அடித்தால் அறை சீக்கிரம் தெளியும். அதே காற்றைத் தீயைப் பார்த்து அடித்தால், எதிர்ப்புறம் இருக்கும் ஆள் மேல் சூட்டைத் தள்ளுகிறீர்கள். ஆடாமல் பிடித்த நேர்த்தாரை மிகக் குறைவான காற்றையே இழுக்கும். ஸ்மூத் போரானாலும் வட்டமாகச் சுழற்ற ஆரம்பித்தால் அதுவும் காற்றை வாரிக்கொண்டு போகும். இதில் குற்றவாளி நாசிலைவிடக் கைதான்.

இப்போது தோளுக்கு வருவோம். கேட்டலாக்கில் இது இருக்காது, ஆனால் என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பதே இதுதான். முன்னால் பாயும் தண்ணீர் உங்களைப் பின்னால் தள்ளும். 24 மில்லிமீட்டர் ஸ்மூத் போர், 3.5 பாரில் நிமிடத்துக்கு 700 லிட்டர் அளவு தரும். (துளையின் மில்லிமீட்டர் வர்க்கத்தை, பாரின் வர்க்கமூலத்தால் பெருக்கி, மூன்றில் இரண்டு பங்கு எடுத்தால் லிட்டர் வந்துவிடும்.) அப்போது எதிர்விசை சுமார் 32 கிலோ. அதே 700 லிட்டரை 7 பார் ஃபாக்கில் கொடுத்தால் எதிர்விசை 40 கிலோவைத் தாண்டும். 32 கிலோவுக்குள் நிற்க வேண்டுமானால் 7 பார் நாசிலில் 500 லிட்டரோடு திருப்திப்பட வேண்டியதுதான். ஒருவர் தனியாக ஹோஸைப் பிடித்து நகரவும் முடிய வேண்டும் என்றால் அந்த 200 லிட்டர் வித்தியாசம் சின்ன விஷயமில்லை. பயிற்சித் திடலில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இது: எதிர்விசை தாங்காத ஆள் யாரிடமும் சொல்ல மாட்டார், வால்வை மெதுவாக அரைவாசி மூடிவிடுவார். பார்ப்பவர்களுக்குத் தண்ணீர் வருகிறது. தீக்கு வருவது பாதிதான்.

இதற்குக் குறைந்த அழுத்த ஃபாக் என்று ஒரு நடுவழி உண்டு. 3.5 பாருக்கோ 5 பாருக்கோ வடிவமைத்தவை. துளி கொஞ்சம் பெரிதாக வரும், ஸ்பிரே கொஞ்சம் முரடாக இருக்கும். பதிலுக்குத் தோளும் தப்பும், பம்பும் தப்பும்.

அழுத்தம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரே ஓர் உதாரணம் போதும். 1991 பிப்ரவரி 23 அன்று பிலடெல்பியாவில், ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடத்தின் 22ஆம் மாடியில் தீப்பிடித்தது. மாடி மாடியாகத் தண்ணீர் ஏற்றும் கட்டடத்தின் நிலைக்குழாயில், அழுத்தத்தைக் குறைக்கும் வால்வுகள் தவறாக அமைக்கப்பட்டிருந்ததால் ஹோஸ் மாட்டும் வாயில் கிடைத்ததே 4 பார் அளவுதான். வீரர்கள் கொண்டுபோனது முனையில் 7 பார் கேட்கும் ஆட்டோமேட்டிக் ஃபாக் நாசில்கள். பயன்படும் தாரை எழவில்லை. 19 மணி நேரத்துக்கு மேல் எரிந்த தீயை நிறுத்தியது, 30ஆம் மாடியின் கூரையில் இருந்த, தானாகத் தண்ணீர் தெளிக்கும் பத்து ஸ்பிரிங்ளர் தலைகள். மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். வால்வுக் கோளாறுதான் மூலம். ஆனால் 3.5 பாரில் வேலை செய்யும் ஸ்மூத் போருக்கு அந்த வாயில் கொஞ்சமாவது பிழைப்பு இருந்திருக்கும். உயர்ந்த கட்டடங்களில் நிலைக்குழாயிலிருந்து தண்ணீர் எடுப்பவர்கள் பலர் ஸ்மூத் போரை விடாமல் வைத்திருப்பதற்கு இதுதான் காரணம்.

ஆட்டோமேட்டிக் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் தட்டுக்குப் பின்னால் ஒரு ஸ்பிரிங் இருக்கும். வரும் தண்ணீர் குறைந்தால் ஸ்பிரிங் தட்டை உள்ளே இழுத்து இடுக்கைக் குறுக்கும். அழுத்தம் மாறாது, தாரை எப்போதும் போல அழகாக நீளும். நல்ல பம்ப் ஆபரேட்டரும், தண்ணீர் ஓட்டத்தை அளக்கும் ஓட்டமானியும் இருந்தால் இது பெரிய வசதி. இல்லாவிட்டால் இதைவிட இனிமையாகப் பொய் சொல்லும் கருவி கிடையாது. சாதாரண நாசிலில் எங்காவது ஹோஸ் மடங்கினால் தாரை தொய்ந்து கண்ணுக்குத் தெரியும். பின்னால் திரும்பிக் கத்துவீர்கள். ஆட்டோமேட்டிக்கில் தாரை தொய்யாது, ஓட்டம் மட்டும் பாதியாகியிருக்கும். வளையம் திருப்பும் நாசிலுக்கும் ஒரு பொய் உண்டு. நிமிடத்துக்கு 475 லிட்டர் என்று பொறித்திருந்தால் அது 7 பாருக்கான எண். 3.5 பார்தான் வந்து சேர்கிறது என்றால் உங்களுக்குக் கிடைப்பது 335 லிட்டர் அளவு.

அடைப்பும் ஒரு விஷயம்தான். ஹோஸுக்குள் வந்த சரளைக்கல், துரு, ரப்பர்த் துண்டு எல்லாம் ஃபாக்கின் இடுக்கில் மாட்டிக்கொள்ளும். தாரையில் வாய்க்கால் வெட்டிய மாதிரி ஒரு கோடு விழும். இடுக்கை அகலத் திறந்து கழுவிவிடும் ஃபிளஷ் நிலைக்குத் திருகினால் பெரும்பாலும் போய்விடும், ஆனால் அதைத் தீக்கு முன்னால் நின்று செய்ய வேண்டும். ஸ்மூத் போர் வழியாக அதெல்லாம் தீயை நோக்கிப் பறந்துவிடும்.

இவ்வளவு சொன்ன பிறகு நான் ஸ்மூத் போர் கட்சி என்று நினைப்பீர்கள். வீடு, அலுவலகம், மாடிக் கட்டடம் என்றால் ஆமாம். ஆனால் எரிபொருள், வாயு, மின்சாரம் மூன்றில் ஒன்று உங்கள் எல்லைக்குள் இருந்தால் ஃபாக் இல்லாமல் வெளியே கிளம்பாதீர்கள். எரிகிற எண்ணெய்த் தேக்கத்தில் கெட்டித் தாரையை அடித்தால் எண்ணெய் தெறித்துத் தீ பரவும். கசிந்து எரியும் வாயுக் குழாயின் வால்வை மூடப் போகிறவருக்கு முன்னால் அகல ஃபாக்தான் கேடயம். மின்கம்பிக்கு அருகே கெட்டித் தாரை மின்சாரத்தைக் கைக்குக் கொண்டுவரலாம். துளித்துளியாக உடைந்த ஸ்பிரேயில் அந்த ஆபத்து குறைவு. மின்சாரம் உள்ள இடத்தில் தீயணைப்பது பற்றிய ஜெர்மனியின் டி.ஐ.என். வி.டி.இ. 0132 விதி, அங்கு வழக்கமான கை நாசிலுக்குக் குறைந்த மின்னழுத்தத்தில் ஸ்பிரே என்றால் 1 மீட்டர், ஜெட் என்றால் 5 மீட்டர் இடைவெளி கேட்கிறது; உயர் மின்னழுத்தத்தில் ஸ்பிரேக்கு 5, ஜெட்டுக்கு 10 மீட்டர். ஜெட்டுக்கும் ஸ்பிரேக்கும் உள்ள வித்தியாசம் அந்த எண்களிலேயே தெரிகிறது. மாவு, மரத்தூள் குவிந்த இடத்தில் ஜெட்டை நினைக்கவே வேண்டாம். தூசி கிளம்பி வெடிக்கும்.

அப்படியானால் ஒரே ஒரு நாசில்தான் வாங்க முடியும் என்ற குழுவுக்கு? என் தேர்வு: ஓட்டம் நிலையான, குறைந்த அழுத்த ஃபாக் முனை, அதன் பின்னால் வால்வோடு சேர்ந்த ஸ்மூத் போர் துளை. முன்பக்க ஃபாக் அடைத்தாலோ அழுத்தம் விழுந்தாலோ, வால்வை மூடி முனையைத் திருகிக் கழற்றினால் உள்ளே கெட்டித் தாரை காத்திருக்கும். ஆட்டோமேட்டிக்கை, ஓட்டமானி உள்ள பம்பும் அதை விட்டு நகராத ஆபரேட்டரும் இருக்கும் குழு வாங்கட்டும். ஓட்டத்தை மாற்றும் வளையம் காட்டுத்தீ, புல்தீ போகிறவர்களுக்குத் தண்ணீரை மிச்சப்படுத்தும். கட்டடத் தீக்குப் போகிற குழுவில், பதற்றத்தில் யாரோ அதைக் குறைந்த எண்ணில் விட்டுவிடுவது எனக்குப் பழகிப்போன காட்சி.

எதை வாங்கினாலும் பணம் கொடுக்கும் முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். நீங்கள் வழக்கமாக விரிக்கும் நீளத்துக்கு ஹோஸை விரித்து, வழக்கமான உயரத்துக்கு ஏற்றி, புது நாசிலை மாட்டி முழுவதும் திறக்கச் சொல்லுங்கள். பம்ப் தண்ணீர் எடுக்கும் தொட்டியில் 1,000 லிட்டர் குறையும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. தொட்டிக்குள் வேறு தண்ணீர் வராமல் அடைத்துவிட்டு, மட்டம் அந்தக் கோட்டைத் தொட எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். நிமிடத்துக்கு 700 லிட்டர் என்று விற்றவர் சொன்னால் 86 விநாடியில் தொட வேண்டும். இரண்டு நிமிடத்தைத் தாண்டினால், தாரை எவ்வளவு அழகாக இருந்தாலும் நாசிலைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் பம்பையும் ஹோஸையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.